துப்பாக்கிக்குள் என்ன இருந்தது

அப்பா இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தபோது மலைமேல் உள்ள போலீஸ் ஸ்டேஷனிலிருந்து எனக்குப் போன் வந்தது. எங்கள் வீட்டுத் துப்பாக்கி இன்னும் அங்கேயே இருப்பதாக ரைட்டர் சொன்னார். தேர்தலுக்காக அப்பா கொண்டுபோய் ஒப்படைத்தது. திரும்ப வாங்குவதற்குள் அவருக்கு மாரடைப்பு வந்துவிட்டது.

“லைசென்ஸ் அவரு பேர்ல இருக்குதுங்க டீச்சர். நீங்க வாரிசுன்னு பேரு மாத்திக்கறதுன்னா மாத்திக்கலாம். வேண்டாம்னா எழுதிக் குடுத்துட்டுப் போயிடுங்க. ரெண்டுல ஒண்ணு சீக்கிரம் சொல்லுங்க” என்றார்.

நான் சேந்தமங்கலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். அம்மா மட்டும் மேலே மலையில், அரியூர் நாட்டுக் கிராமத்தில், பழைய வீட்டிலேயே இருக்கிறாள். அந்தச் சனிக்கிழமை மேலே போய் விஷயத்தைச் சொன்னதும் அம்மா முறத்தைக் கீழே வைத்தாள்.

“அந்தச் சனியன் இந்த ஊட்டுக்குள்ள திரும்ப வரக் கூடாது. அவங்களே வெச்சுக்கட்டும்.”

அவள் அப்படிச் சொன்னதில் எனக்கு வியப்பில்லை. அதற்குக் காரணமான காரியம் நடந்தபோது நானும் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

எங்கள் வீட்டில் அதை ரைபிள் என்றுதான் சொல்வோம். பயிர்ப் பாதுகாப்புக்கென்று எங்கள் தாத்தா லைசென்ஸ் வாங்கியது. அவருக்குப் பிறகு மூத்த மகனான அப்பாவின் பேருக்கு வந்தது. குழலின் வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்டி, ஈயக் குண்டைப் போட்டு, நீளமான கம்பியால் இடித்து இறுக்க வேண்டும். பின்பக்கம் கேப்பு என்ற சின்ன வெடிமூடி ஒன்றைப் பொருத்தி விசையை இழுத்தால், குதிரை என்று நாங்கள் சொல்லும் இரும்புச் சுத்தி அந்தக் கேப்பின்மேல் விழும். கேப்பில் பிடிக்கும் நெருப்பு உள்ளே இருக்கும் மருந்துக்குப் போகும். மரவள்ளிக் காட்டில் பன்றி இறங்கும் மாதங்களில்தான் அதற்கு வேலை. மற்ற மாதங்களில் துரு ஏறாமலிருக்க, எண்ணெயில் நனைத்த துணியைக் குழலின் அடிவரைக்கும் தள்ளி, சுவரில் மாட்டிவிடுவார்கள். லைசென்ஸ்தான் அப்பா பேரில் இருந்தது. துப்பாக்கியைக் கழுவுவது, துணி வைப்பது, குறி பார்த்துச் சுடுவது எல்லாம் சித்தப்பாதான். அப்பாவுக்கு ஒரே தம்பி அவர். ஒரே வீட்டில்தான் இரண்டு குடும்பமும் இருந்தோம்.

எனக்குப் பதினான்கு வயது அப்போது. கீழே விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தவள் லீவுக்கு வந்திருந்தேன். அந்த வருடம் மழை தள்ளிப் போயிருந்தது. பள்ளத்து வயலுக்கு ஓடையிலிருந்து வரும் தண்ணீரை அப்பாவும் சித்தப்பாவும் முறை வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். சித்தப்பாவின் முறை நாளில் அப்பா மடையைத் திருப்பிக்கொண்டார். ஒரு நாள் மட்டுமல்ல, மூன்று நாள். அது அப்பா செய்த தப்பு. இதை இப்போது என்னால் எழுத முடிகிறது. அப்பா இருந்தவரை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

சித்தப்பாவின் நாற்று காய்ந்துபோயிற்று. காலை பத்து மணி இருக்கும். அவர் வயலிலிருந்து நேராக வீட்டுக்குள் வந்தார். காலில் காய்ந்த சேறு.  சுவரிலிருந்து துப்பாக்கியை எடுத்தார், மாடத்தில் இருந்த டப்பாவைத் திறந்து கேப்பு ஒன்றைப் பொருத்தினார், வாசலில் கூடை பின்னிக்கொண்டிருந்த அப்பாவின் நெஞ்சுக்கு நேராக நீட்டினார், இழுத்துவிட்டார்.

டப்பென்று ஒரு சத்தம். கேப்பு வெடித்து நூல் மாதிரிப் புகை கிளம்பியது. அவ்வளவுதான். வேறொன்றும் நடக்கவில்லை.

அப்பா பாய்ந்து துப்பாக்கியைப் பிடுங்கி வாசலில் கிடந்த கல்லின்மேல் வீசினார். அதன் மரக்கட்டை விரிசல் விட்டது. அம்மா கத்திய கத்தலில் அக்கம்பக்கம் கூடிவிட்டது. சித்தப்பா நின்ற இடத்தைவிட்டு நகராமல், “உள்ள எண்ணெய்த் துணிதானுங்கண்ணா இருக்குது. மருந்தே போடல. பயமுறுத்தத்தானுங்க இழுத்தேன்” என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

“மருந்து நமத்துப் போச்சு. அதனால நான் உசுரோட இருக்கறேன்” என்றார் அப்பா.

போலீஸுக்கு யாரும் போகவில்லை. சித்தப்பா அந்த வாரமே சித்தியையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு பள்ளத்துக்கு அந்தப் பக்கம் குடிசை போட்டுப் போய்விட்டார். அதன் பிறகு முப்பது வருடத்துக்கு மேல் அண்ணனும் தம்பியும் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பா துப்பாக்கியை விரிசலோடு ஒரு மரப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். தேர்தல் வரும்போது மட்டும் எடுத்துச் சாக்கில் சுற்றி ஸ்டேஷனில் கொடுப்பார், முடிந்ததும் வாங்கி வந்து மறுபடி பூட்டுவார். அவர் அதைத் துடைத்துக்கூட நான் பார்த்ததில்லை.

கல்லூரியில் படிக்கும்போது ஒரு தடவை கேட்டுவிட்டேன். “கம்பியை விட்டுப் பாத்தா உள்ள மருந்து இருக்குதா இல்லையான்னு தெரிஞ்சிருமேப்பா?”

அப்பா பெட்டியின் பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். “பாத்து, மருந்து இருந்துச்சுன்னா நான் என்ன பண்றது கண்ணு?” என்றார். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

ஆகவே ரைட்டர் போன் செய்தபோது, எழுதிக் கொடுத்துவிட்டு வருவதுதான் எளிதாக இருந்திருக்கும். அம்மாவும் அதையே சொன்னாள். நான் மட்டும் பேர் மாற்றிக்கொள்கிறேன் என்றேன். தாத்தாவின் பொருள், போக விடக் கூடாது என்று அம்மாவிடம் காரணம் சொன்னேன். அதில் பாதிதான் உண்மை. உள்ளே என்ன இருந்தது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். அப்பா இருந்தவரை அது அவர் முடிவு. இப்போது அவர் இல்லை. சாவுக்குக்கூடச் சித்தப்பா எங்கள் வீட்டுப் படியேறவில்லை. ரோட்டோரம் ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் துண்டை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். பாடை அவரைக் கடந்து போனபோது நான் திரும்பிப் பார்த்தேன். அந்த நிற்பு அதன் பிறகு எனக்கு அடிக்கடி நினைவுக்கு வந்துகொண்டிருந்தது.

பேர் மாற்றுவதற்கு முன்னால், லைசென்ஸ் உள்ள ரிப்பேர் கடையில் காட்டி, துப்பாக்கி எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதி வாங்கி வரச் சொன்னார்கள். ஸ்டேஷனில் கடிதம் கொடுத்தார்கள். அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, சாக்கில் சுற்றிய துப்பாக்கியோடு சேலத்துக்குப் பஸ் ஏறினேன்.

“என்னங்க டீச்சர், கடப்பாரையா?” என்றார் கண்டக்டர்.

“தாத்தாவோட பழைய சாமானுங்க, ரிப்பேருக்கு” என்றேன். பக்கத்து சீட்டில் ஒரு பெண் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். குழந்தை வழி முழுக்க அந்தச் சாக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்தது. நானும் விளையாட்டுக் காட்டிக்கொண்டு வந்தேன்.

கடைக்காரருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, கடிதத்தைப் படித்தார், சாக்கைப் பிரித்தார், குழலின் வாயை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

“ரைபிள்னு சொன்னீங்களே. இது ரைபிள் இல்லீங்கம்மா. குழலுக்குள்ள சுத்திச் சுத்தி வரி வெட்டியிருந்தாத்தான் ரைபிள். இது வழவழன்னு இருக்குது. வாய்வழி போடற துப்பாக்கி.”

மூன்று தலைமுறையாக ஊர் முழுக்க ரைபிள்காரர் வீடு என்று பேர் வாங்கிய குடும்பம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. ஒரு மெல்லிய பித்தளைக் கம்பியை எடுத்துக் குழலுக்குள் விட்டார். அது அடியில் முட்டியதும் வாய்ப்பக்கம் கம்பியில் சாக்பீஸால் கோடு போட்டார். பிறகு கம்பியை வெளியே எடுத்துக் குழலின் மேலேயே நீட்டி வைத்து அளந்தார். கம்பி குழலின் அடிவரை போகவில்லை. நான்கு விரல் தூரம் குறைந்தது.

“உள்ள என்னமோ இருக்குதுங்கம்மா” என்றார். “இதை எதுல கொண்டாந்தீங்க?”

“பஸ்லங்க.”

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “மருந்து போட்டுக் கிடக்கற துப்பாக்கியாட்டம் தெரியுது. பஸ்ல கொண்டாந்திருக்கீங்க.”

“முப்பது வருசத்துக்கு மேல ஆச்சுங்க. மருந்து இன்னுமா இருக்கும்?”

“கருமருந்து சாகாதுங்கம்மா. ஈரம் படாம இருந்தா உங்க காலம் எங்க காலமெல்லாம் தாண்டி அப்படியே கிடக்கும். ஒரு பொறி போதும்.”

 சாக்கைப் பிடித்து இழுத்த அந்தக் குழந்தையின் கைதான் கண் முன்னால் வந்தது. அதற்கு அடுத்தபடியாகச் சித்தப்பா வந்தார். நான்கு விரல் தூரம். துணியும் நான்கு விரல் இருக்கலாம், மருந்தும் குண்டும் சேர்ந்தும் நான்கு விரல் இருக்கலாம். என் வேலை அளவுகளோடுதான். ஆனால் இந்த அளவை வைத்துக்கொண்டு என்னால் எந்த முடிவுக்கும் வர முடியவில்லை. அப்பா பயந்தது சரிதான், அம்மா சொன்னபடி பேசாமல் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்க வேண்டும் என்று தோன்றியது.

எங்கள் வீட்டுக் கதையை அவரிடம் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. கேட்டுக்கொண்டே அவர் கேப்பு பொருத்தும் திருகாணியை மெதுவாகக் கழற்றி, அந்தத் துளை வழியாகவும் வாய் வழியாகவும் எண்ணெய் ஊற்றினார். “ஊறட்டும். மத்தியானத்துக்கு மேல எடுக்கலாம். போய்ச் சாப்பிட்டுட்டு வாங்க” என்றார்.

நான் எங்கும் போகவில்லை. கடை வாசலில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து போகிற வருகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மணிக்குக் கடைக்குப் பின்னால் மணல் மூட்டைகள் அடுக்கிய இடத்துக்குத் துப்பாக்கியைக் கொண்டுபோனார். என்னைச் சுவருக்கு இந்தப் பக்கம் நிற்கச் சொன்னார். முனையில் சுருள் ஆணி மாதிரி வைத்த கம்பி ஒன்றை உள்ளே விட்டுத் திருகித் திருகி இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை.

“துணி வருதுங்கம்மா” என்று குரல் கொடுத்தார்.

“துணிக்கு அடியில?”

“இருங்க, இருங்க.”

மறுபடி கம்பி உள்ளே போகும் சத்தம். இந்தத் தடவை அது கணீரென்று இரும்பில் போய் முட்டியது. அவர் குழலைத் தலைகீழாகத் தட்டினார். பிறகு கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி, ஒரு வெள்ளைத் தட்டில் ஊற்றினார். செந்துரு கலந்த எண்ணெய்த் தண்ணீர். ஒரு குண்டு இல்லை, கருப்பாக ஒரு துகள் இல்லை.

“வாங்க, இங்க வந்து பாருங்க” என்று கூப்பிட்டார்.

அவர் கையில் கெட்டியாகச் சுருண்ட துணிப் பந்து ஒன்று இருந்தது. வெளியே பழுப்பு, உள்ளே பிரித்தால் இன்னும் கொஞ்சம் வெள்ளை. பந்தின் அடிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். மிளகு அளவுக்குத் தீய்ந்த ஓட்டை ஒன்று. சுற்றிலும் கருப்பு வளையம்.

“இது கேப்பு நெருப்பு பட்ட இடம். துணி உள்ள இருக்கும்போதேதான் கேப்பு வெடிச்சிருக்குது. துணிக்கும் கேப்புக்கும் நடுவுல ஒரு சிட்டிகை மருந்து இருந்திருந்தாலும் இந்தத் துணி மிஞ்சியிருக்காதுங்கம்மா. உங்க சித்தப்பா சொன்னது நெசந்தான்.”

நான் மணல் மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. பசிதான் வந்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவர் உள்ளே போய் டீயும் இரண்டு வர்க்கி பிஸ்கட்டும் வாங்கி வரச் செய்தார். அது போதாமல் இன்னும் இரண்டு கேட்டு வாங்கித் தின்றேன்.

துப்பாக்கியை ரிப்பேருக்கு அவரிடமே விட்டுவிட்டு, துணியை மட்டும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுக் கொண்டுவந்தேன். சனிக்கிழமை முதல் பஸ்ஸில் மேலே போய் அம்மாவின் கையில் கொடுத்தேன். கடைக்காரர் சொன்னதை அப்படியே சொன்னேன். அம்மா தீய்ந்த ஓட்டையில் சுண்டு விரலை வைத்துப் பார்த்தாள். இரண்டாவது தடவையும் சொல்லச் சொன்னாள், சொன்னேன்.

“சந்தையில அவரு எதுக்க வந்தா முந்தானையைப் போத்திக்கிட்டு வேற வழியா போனேனே” என்றாள். டப்பாவை மூடி என் கையில் கொடுத்து, “கெளம்பு” என்றாள்.

“எங்கம்மா?”

“அந்தப் பக்கத்துக்குத்தான். இன்னும் எத்தன நாளைக்கு?”

பள்ளத்தில் இறங்கி, வயல் வரப்பில் நடந்து, அந்தப் பக்கம் ஏறினோம். குடிசை இப்போது ஓட்டு வீடாகியிருந்தது. சித்தி இறந்து சில வருடம் ஆகிறது. பிள்ளைகள் திருப்பூர்ப் பக்கம் வேலைக்குப் போய்விட்டார்கள். சித்தப்பா தார்ப்பாயில் மிளகு காயப்போட்டுக் காலால் கிளறிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, “வாங்க அண்ணி” என்றார். 

 நான்தான் டப்பாவைத் திறந்து காட்டினேன். சேலத்துக்குப் போனது, கம்பி நான்கு விரல் குறைந்தது, துணி வந்தது, அடியில் ஒன்றும் இல்லாதது, தீய்ந்த ஓட்டை எல்லாவற்றையும் சொன்னேன். “நீங்க சொன்னதுதானுங்க சித்தப்பா நெசம்” என்று முடித்தேன்.

நான் எதிர்பார்த்தது வேறு. ‘இதைத்தானே அன்னைக்கே சொன்னேன்’ என்று கோபப்படுவார், அல்லது நொந்து பேசுவார் என்று நினைத்திருந்தேன். அவர் துணியைத் தொடவில்லை. குனிந்து உற்றுப் பார்த்துவிட்டு, “நல்லாப் பாத்தாங்களா கண்ணு? அடியில மருந்து இல்லவே இல்லையா?” என்று கேட்டார்.

“இல்லவே இல்லீங்க.”

“குண்டு?”

“இல்லீங்க சித்தப்பா.”

அவர் தார்ப்பாயின் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். மிளகு நாலாபுறமும் உருண்டது.

“எனக்கே தெரியாம இருந்துச்சு சாமி” என்றார். “துணி வெச்சது நாந்தான். ஆனா அது அந்த வாரமா, அதுக்கு முந்தின வருசமான்னு நெனப்பே வரல. எடுக்கும்போது துணி இருக்குதுன்னு தெரிஞ்சுதான் எடுத்தனா, இல்ல எங்கண்ணன் என்னைப் பாத்த பார்வையில பயந்துபோயி அப்புறமா அப்படிச் சொல்லிக்கிட்டனா... மொதல் ரெண்டு வருசம் நான் சொன்னதை நானே நம்புனேன். ஊரே வேற மாதிரி சொல்லச் சொல்ல, எனக்கும் சந்தேகமாப் போச்சு. கூடப் பொறந்தவனைக் கொல்லத்தான் இழுத்தனோ என்னமோன்னு நெனச்சுக்கிட்டேதான் இத்தன நாளும் கெடந்தேன்.”

நாங்கள் எல்லோரும் அவரைச் சந்தேகப்பட்டது எனக்குத் தெரியும். அவரே தன்னைச் சந்தேகப்பட்டுக்கொண்டு இருந்திருப்பார் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை. எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

அம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். “தண்ணியைத் திருப்புனது அவருதானுங்க. மூணு நாளு. நானும் பாத்துட்டுத்தான் இருந்தேன், தடுக்கல” என்றாள்.

“அது போகுதுங்க அண்ணி.”

“அவரும் கம்பியை விட்டு உள்ள பாக்காமயே போயிட்டாரு.”

“அண்ணன் போலீஸுக்குப் போகலைங்களே” என்றார் சித்தப்பா. “ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்னை உள்ள தள்ளியிருப்பாங்க. சொல்லல. அதையும்தான் தெனமும் நெனச்சுக்குவேன்.”

அப்பா தெரிந்துகொள்ளாமலே போனது எனக்கு இன்னும் வருத்தம்தான். ஆனால் அவர் பார்க்காமலிருந்தது தம்பியின் மேல் இருந்த வெறுப்பால் இல்லை, மருந்து இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தால்தான் என்பது அன்றைக்கு எனக்கு விளங்கிற்று. மனதில் இருந்த கனம் பெரும்பகுதி இறங்கிவிட்டது.

துப்பாக்கி வேலை ஒன்றரை மாதம் பிடித்தது. கடைக்காரர் விரிசலைத் தேக்குத் துண்டு வைத்து ஒட்டி, கோடு தெரியாதபடி இழைத்திருந்தார். குழலின் துருவை எடுத்ததும், குதிரைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கொடி வேலைப்பாடு இருப்பது தெரிந்தது. அதை எங்கள் வீட்டில் யாரும் பார்த்ததில்லை. “சுடறதுக்கு இது லாயக்கில்லீங்க, குழல் ரொம்பத் தேஞ்சு போச்சு. மாட்டி வெச்சு அழகு பாருங்க” என்று சொல்லி அதையே எழுதியும் கொடுத்தார். விசாரணைக்கு வந்த போலீஸ்காரர் குடும்பத்தில் ஏதாவது தகராறு உண்டா என்று அக்கம்பக்கம் கேட்டபோது, சித்தப்பா நடுவில் புகுந்து, “ஒண்ணுமில்லீங்க. அந்தப் புள்ள பேருக்கே மாத்திக் குடுங்க” என்றாராம். இப்போது லைசென்ஸ் என் பேரில் வந்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா அவரைச் சாப்பிடக் கூப்பிட்டாள். நானும் போயிருந்தேன். சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும். குளித்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, கையில் ஒரு பை மிளகோடு வந்தார். வாசலில் கொஞ்சம் தயங்கினார். “உள்ள வாங்க” என்று அம்மா அடுப்படியிலிருந்தே சத்தம் போட்ட பிறகுதான் செருப்பைக் கழற்றினார். மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். போதும் போதும் என்றார், அம்மா கேட்கவில்லை. இந்த வருடம் மரவள்ளிக்குப் பூச்சி அதிகம் என்றும், அம்மா வெயிலில் காட்டுக்குப் போகக் கூடாது என்றும் சொன்னார். அம்மா பதிலுக்கு அவர் தனியாகச் சமைத்துத் தின்னும் லட்சணத்தைப் பற்றிச் சொன்னாள்.

சாப்பிட்டு முடித்ததும், ஒரு நிமிசம் என்று சொல்லிப் பாயில் முதுகைச் சாய்த்தவர் அப்படியே தூங்கிப்போனார். பெரிய குறட்டை. அம்மா எழுந்து போய், கோழிகள் உள்ளே வராமல் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்தாள். நானும் அவளும் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனோம்.